கடலின் முதலும் வட்டியும்

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது தமிழகக் கடற்கரை ஊர்களின் பழைய வழக்கம். இதற்கென விரும்பி வாங்கப்படும் சிறு சுறாவுக்குப் பால்சுறா என்றே பெயர். எனினும் எந்தச் சுறாவும் தன் குட்டிக்குப் பாலூட்டுவதில்லை. ஈன்றபின் அதை வளர்ப்பதும் இல்லை. அவ்வினத்தின் தாய்மை முழுவதும் பிறப்புக்கு முன்பே நிறைவேறிவிடுகிறது.

மத்தி போன்ற மீன்கள் ஆயிரக்கணக்கான முட்டைகளை நீரில் சொரிகின்றன. அவை அங்கேயே கருவுறுகின்றன. சுறாக்களிலோ கருவுறுதல் தாயின் உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. அதன்பின் வழிகள் மூன்று. மூங்கில் சுறா தோல் போன்ற உறைக்குள் முட்டையிடுகிறது. புலிச்சுறாவின் முட்டைகள் தாயின் வயிற்றிலேயே பொரிந்து, குட்டிகளாக வெளிவருகின்றன. பால்சுறாவும் கொம்பன் சுறாவும் மனிதரைப் போலவே நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கு உணவளிக்கின்றன. பால்சுறா ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஈனுபவை பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகளே.

மணற்புலிச் சுறாவின் கதை இன்னும் வியப்புக்குரியது. அதன் இரு கருப்பைகளிலும் முதலில் வளரும் கரு, உடன்பிறப்புகளையும் எஞ்சிய முட்டைகளையும் தின்றுவிடுகிறது. இறுதியில் பக்கத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு குட்டிகளே பிறக்கின்றன.

பிறக்கும்போதே பற்களோடு வரும் குட்டி, அன்றே தன் இரையைத் தானே தேடவேண்டும். அதனால் பல இனங்களின் தாய்மார் கழிமுகங்களையும் ஆழம் குறைந்த கரையோரங்களையும் நாடி ஈனுகின்றன. அங்கே பெரிய பகைவர் குறைவு. சிறு மீனும் இறாலும் மிகுதி. மீன்களுள் மிகப் பெரியதான திமிங்கிலச் சுறாவோ நீரை வடிகட்டி, மிதவை நுண்ணுயிர்களையும் மீன் முட்டைகளையும் உண்டு வாழ்கிறது.

வங்கிப் பணியில் இருக்கும் நமக்கு இதில் ஒரு கணக்குத் தெரிகிறது. கடலில் உள்ள சுறாக்களை முதல் என்றால், ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகள் வட்டி. மத்தியின் வட்டி மிகுதி. பிடித்தாலும் சில ஆண்டுகளில் ஈடாகிவிடும். பல சுறா இனங்கள் முதிர்ச்சி அடையவே பத்தாண்டுக்கு மேல் ஆகும், குட்டிகளும் சிலவே. வட்டியை மிஞ்சி எடுப்பவர் முதலையே கரைக்கிறார். சூல்கொண்ட சுறா வலையில் சிக்கினாலோ முதலும் வட்டியும் ஒருங்கே போய்விடும்.

இதனை உணர்ந்தே நம் அரசு 2001-இல் திமிங்கிலச் சுறாவைச் சட்டப் பாதுகாப்பின்கீழ்க் கொண்டுவந்தது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடுமைக்கு 2013-இல் தடை வந்தது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டது.

நம் பங்கும் ஒன்று உண்டு. பால்சுறா என்று சந்தையில் விற்கப்படும் சிறு சுறாக்களில் கொம்பன் போன்ற பெரிய இனங்களின் குட்டிகளும் கலந்திருப்பதுண்டு. வாங்குமுன் தலையின் வடிவைப் பார்ப்போம். சுத்தியல் போல் இருபுறமும் அகன்றிருந்தால் அது கொம்பன் குட்டி. அதை வேண்டாம் என்போம்.