கல்லூரியில் ஆங்கிலம்: பாடம் தெரிந்தும் மதிப்பெண் குறைவது ஏன்?

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் பக்கத்துப் பட்டணத்தில் உள்ள சிறிய தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்கச் சேரும் நம் பிள்ளைகள் பலருக்கு, முதல் பருவத்திலேயே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. வகுப்பில் விளக்குவது புரிகிறது. கேள்வி கேட்டால் வாயால் பதிலும் சொல்கிறார்கள். ஆனால் திருத்தி வரும் கட்டுரையில் பாதி மதிப்பெண்கூட இல்லை. பாடம் தெரிந்திருந்தும், அதை ஆங்கிலத்தில் எழுத வரவில்லை என்பதே காரணம்.

இந்த இடைவெளி எங்கே தொடங்குகிறது?

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டுகள் தமிழிலும், பின்னர் இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலும் மலாயிலும் படித்த மாணவர், ஒரு பாடத்தை முழுமையாக ஆங்கிலத்தில் எழுதிப் பழகாமலேயே கல்லூரிக்கு வந்துவிடுகிறார்.

எழுத வேண்டிய அளவும் மாறுகிறது. எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள் உள்ளன. முதல் பகுதிக்கு ஏறக்குறைய 80 சொற்கள், இரண்டாவதற்கு 125 முதல் 150, மூன்றாவதற்கு 200 முதல் 250 சொற்கள் போதும். கல்லூரி இடுபணியோ 1,000, 1,500 சொற்கள் என்று கேட்கும். ஒரு கருத்தைச் சொல்லி, சான்று காட்டி, மாற்றுக் கருத்துக்கும் பதில் கூறி, தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். மனப்பாடக் கட்டுரை இங்கே உதவாது. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டினால், ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ் படித்தது தடையா?

‘தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதால்தான் இப்படி’ என்று வருந்தும் பெற்றோர் உண்டு. இலக்கணத்தைப் பார்த்தால் அந்த வருத்தத்துக்கு இடமில்லை. மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறுவதில்லை. நேற்றும் ‘பெர்கி’, நாளையும் ‘பெர்கி’தான். மலாயில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று வந்துவிடுகிறது.

தமிழில் போனேன், போகிறேன், போவேன் என்று வினையே காலத்தைச் சொல்லும். அவன் போகிறான், அவர்கள் போகிறார்கள் என்று ஆளையும் காட்டும். ஆகவே, எழுதிய வாக்கியத்தை ஒரு முறை தமிழில் சொல்லிப் பார்த்தால், ‘கோ’வா, ‘வெண்ட்’டா என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும். தமிழில் இல்லாத ‘தி’ என்ற சொல்லையும், வினை நடுவில் வரும் ஆங்கில வாக்கிய அமைப்பையும் மட்டும் தனியாகப் பழக வேண்டும்.

சிறிய கல்லூரியில் என்ன வசதி?

பெரிய நூலகமோ பெரிய மண்டபமோ இருக்காது. ஆனால் வகுப்பில் 20, 30 பேரே இருந்தால், யார் எங்கே தடுமாறுகிறார் என்பது விரிவுரையாளருக்குத் தெரியும். கட்டுரையை ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போதே முதல் வரைவை அவரிடம் காட்டலாம். ‘முழுவதையும் திருத்திக் கொடுங்கள்’ என்று கேட்பதைவிட, ‘இந்தப் பத்தியில் நான் சொல்ல வருவது விளங்குகிறதா?’ என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். பிறகு அதை மீண்டும் எழுத வேண்டும். எழுத்து தேறுவது அந்த இரண்டாவது முறையில்தான். தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் கூச்சத்தால் இந்த வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த படி ‘மூவெட்’

டிப்ளோமாவுக்குப் பின் பொதுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடர விரும்புவோர் ‘மூவெட்’ எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டியிருக்கும். மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் இத்தேர்வில் எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். 100 சொற்களுக்குக் குறையாத கடிதம் அல்லது மின்னஞ்சல் ஒன்று, 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை ஒன்று எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு இந்தத் தாளுக்கு உரியது. முடிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் கடைசிப் பருவம்வரை தள்ளிப்போடத் தேவையில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கல்லூரியில் சேர்க்கும் முன், அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பி.டி.பி.டி.என். கடனுக்கும் அது தேவை. அதோடு இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: ஆங்கில வகுப்பில் எத்தனை பேர்? மாணவர் எழுதிய வரைவை யாராவது படித்துக் கருத்துச் சொல்வார்களா? தோல்வியடைந்த பாடத்தை மறுபடி எடுத்தால் கட்டணமும் கூடும், கடனும் நீளும். அந்தப் பணத்தைக் கட்டப்போவது உங்கள் பிள்ளைதான்.