முதுகுக்குப் பின்னால் ஒரு வளைகுழாய்

புக்கிட் பாஞ்சாங்கில் காற்று பெரும்பாலான நாள்களில் வேலைக்கே வருவதில்லை. சிங்கப்பூரில் தரையையொட்டி வீசும் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு 2.5 மீட்டருக்கும் குறைவு. வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும் சில நாள்களில்தான் புளோக்குகளுக்கு இடையே துணிக்கம்புகள் மெய்யாக ஆடும். ஆனால் இந்த வட்டாரத்துக்கு மேற்கே இருக்கும் தெங்காவில், 1984 ஏப்ரல் 25ஆம் தேதி, மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு பதிவாகியிருக்கிறது. இந்நாட்டில் அளக்கப்பட்ட காற்றில் அதற்கு மேல் எதுவும் இல்லை. 2024 செப்டம்பர் 17 அன்று மாலை வந்த சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 83.2 கிலோமீட்டரைத் தொட்டு, தீவெங்கும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

மந்தமும் மூர்க்கமும் ஒரே வானத்தில் குடியிருக்கும் இந்த ஊரில், வீவக வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பட்டவண்டிக்கு ஒரு முதுகுச்சாய்வு செய்ய நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது மெத்தையை அல்ல, காற்றை.

பட்டவண்டி, அதாவது ஆர்வலர்கள் 'கைட் பக்கி' என்று அழைக்கும் வண்டிக்கு மூன்று சக்கரம். எஞ்சின் கிடையாது, பிரேக்கும் பெரும்பாலும் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களுக்கு முன்னால், தரைக்கு ஒரு சாண் மேலே, தடித்த துணியில் தைத்த இருக்கை தொங்கும். கால்களை நீட்டி, முன்சக்கரத்தின் இருபுறமும் உள்ள மிதிகட்டைகளில் பாதத்தை ஊன்றித் திருப்ப வேண்டும். கைகளுக்குப் பட்டத்தைச் செலுத்தும் வேலை. பட்டத்தின் இழுவையைத் தோள்கள் வெகுநேரம் தாங்காது என்பதால் இடுப்பில் ஒரு கச்சை கட்டி, அதன் கொக்கியில் கயிற்றை மாட்டிக்கொள்வார்கள். இன்று உலகெங்கும் ஓடும் வடிவத்தை 1990 வாக்கில் பரவலாக்கியவர் நியூசிலாந்தின் பட்டக் கலைஞர் பீட்டர் லின்.

யோசனை அதைவிடப் பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளியாசிரியர் ஜார்ஜ் போகாக் 1826இல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்துச் சாலைச் சுங்கத்தைக் குதிரைகளை எண்ணி வசூலித்தார்கள். குதிரையே இல்லாத வண்டிக்கு என்ன சுங்கம் கேட்பது? சாவடிக்காரர்கள் விழித்தார்கள், மனிதர் காசு கொடுக்காமல் கடந்து போனார். அதற்கும் முன்னால், 1824இல், அவர் தம் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பெரிய பட்டத்தால் சுமார் 270 அடி உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். மகள் பத்திரமாகத் திரும்பி வந்தார். பின்னாளில் கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸுக்குத் தாயானவர் இந்த மார்த்தாதான்.

பட்டம் ஆளைத் தூக்கும் என்பதற்குத் தமிழர்களுக்கு வெள்ளைக்காரர் கதை தேவையில்லை. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டி உலகறிந்தது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் நண்பர்களோடு ஒரு பெரும் பட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்த இளைஞர், மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, தனியாக வானத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவரும் பிழைத்தார்.

கணக்கு எளிது. பட்டத்தின் இழுவை காற்று வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு, வேகம் மூன்று மடங்கானால் இழுவை ஒன்பது மடங்கு. நான்கு சதுர மீட்டர் பட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.17 கிலோ. நொடிக்கு 2.5 மீட்டர் காற்றில், அசையாமல் நிற்கும் அந்தப் பட்டம் தரும் இழுவை சுமார் 1.2 கிலோ எடைக்குச் சமம். வண்டி நகராது. அதே பட்டத்தை 83.2 கிலோமீட்டர் சூறைவீச்சு பிடித்தால் நூறு கிலோ. தெங்காவின் 1984 வீச்சு பிடித்தால் முந்நூறைத் தாண்டும். இடைப்பட்ட நிலைதான் விளையாட்டுக்குரியது. பட்டத்தை இடமும் வலமுமாக வீசிப் பறக்கவிட்டால் அது தானே காற்றை வெட்டி ஓடுவதால், அது உணரும் காற்று நிஜக் காற்றைவிடக் கூடுதல். அப்படி உணரும் காற்று நொடிக்கு 15 மீட்டரை எட்டினால் இழுவை 43 கிலோ. இந்த நாற்பது சொச்சத்தை மனதில் வைத்துத்தான் சாய்வைச் செய்ய வேண்டும்.

இந்த விசை முதுகுக்கு ஏன் போகிறது? பட்டம் இழுப்பது முன்பக்கமாக மட்டும் அல்ல, பெரும்பாலும் பக்கவாட்டில். இருக்கையிலிருந்து வழுக்கி வெளியே போகாமலிருக்க ஓட்டுபவர் மிதிகட்டையைக் காலால் பலமாக உதைப்பார். உதைத்த விசை உடம்பைப் பின்னுக்குத் தள்ளும். பின்னால் பிடிமானம் இருந்தால், கிணற்றுச் சுவர் ஒன்றில் முதுகும் எதிர்ச்சுவரில் காலும் ஊன்றி இறங்குபவர் போல உடம்பு நடுவில் இறுகி நிற்கும். பிடிமானம் இல்லாவிட்டால் அந்த வேலையை வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் செய்ய வேண்டும். அரை மணியில் அவை கைவிரித்துவிடும். ஆகவே பட்டவண்டியின் முதுகுச்சாய்வு ஓய்வெடுக்க அல்ல, உதைக்க.

முதுகெலும்பின் பக்கமிருந்தும் ஒரு காரணம் உண்டு. காலை நீட்டி உட்காரும்போது தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னோக்கிச் சுழற்றும். கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகி, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளின் முன்விளிம்பு நசுங்கும். ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்றார். பாடநூல்கள் அதை முப்பது ஆண்டு ஒப்பித்தன. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் வட்டில் நுண்ணிய உணரியைப் பொருத்தி அளந்தபோது படம் மாறியது: நிற்கையில் 0.50 மெகாபாஸ்கல், தளர்வாக உட்காருகையில் 0.46, நாற்காலியில் நன்றாகப் பின்சாய்ந்தால் 0.27. ஒரே ஆளின் முதுகு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் பின்னால் சாய இடம் கிடைத்தால் வட்டின் சுமை குறைகிறது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

இப்போது உயரம். வீட்டில் செய்பவர்கள் எல்லாரும் வழுக்கும் இடம் இது. சாய்வு என்றதும் கார் இருக்கை நினைவுக்கு வந்து, தோள்வரை கட்டிவிடுகிறார்கள். குழாயின் மொழியில் பார்ப்போம். வெளிவிட்டம் 25 மி.மீ., தடிப்பு 1.5 மி.மீ. உள்ள எஃகுக் குழாயைக் கவிழ்த்த 'ப' வடிவில் வளைத்து, இரு கால்களையும் வண்டிச் சட்டத்தில் கவ்விகளால் பிடித்திருக்கிறோம் என்று வையுங்கள். 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோ உதை, கவ்விக்கு 30 செ.மீ. மேலே விழுந்தால், குழாயின் அடியில் சதுர மில்லிமீட்டருக்கு 98 நியூட்டன் தகைவு. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்குவது ஏறக்குறைய 205இல். இரண்டு மடங்குப் பாதுகாப்பு கையில் இருக்கிறது. அதே உதை 60 செ.மீ. உயரத்தில் விழுந்தால் 196. பாதுகாப்பு முழுவதும் காலி. இதில் குண்டு குழியில் விழும் அதிர்ச்சியை இன்னும் சேர்க்கவே இல்லை. தண்ணீர்க் குழாயாக விற்கும் பிவிசி 50ஐ ஒட்டி உடைந்துவிடும், அதுவும் கூர்மையான சில்லுகளாக. அதைத் தொடவே வேண்டாம்.

உயரச் சாய்வுக்கு எதிராக இன்னொரு வழக்கும் இருக்கிறது. பெரும் வீச்சில் பட்டம் ஓட்டுபவரை வண்டியிலிருந்து பிடுங்கும் நேரம் வரும். அப்போது உடம்பு தடையில்லாமல் வெளியேற வேண்டும். தோள் உயரக் குழாயில் கச்சைப் பட்டையோ தலைக்கவச வாரோ மாட்டினால் வண்டியும் கூடவே பறக்கும். கடைசி விலா எலும்புக்குக் கீழே நின்றுவிடும் சாய்வே சரி என்பது என் கட்சி. உயரத்தைக் குறைத்து, மிச்சமாகும் குழாயை இடுப்பின் இருபுறமும் கொஞ்சம் முன்னுக்கு வளைத்துக் கொள்ளுங்கள். பட்டம் இழுப்பது பக்கவாட்டில்தானே.

பொருள்களுக்கு அலைய வேண்டியதில்லை. முன்பென்றால் சுங்கை ரோட்டுப் பழஞ்சந்தைக்குப் போயிருக்கலாம், 2017 ஜூலை 10உடன் அது மூடிவிட்டது. இப்போது ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் கவ்வியும் மரையாணியும் கிடைக்கும். எஃகுக் குழாயைக் கையால் வளைக்க முயல வேண்டாம், வளைவில் மடிந்து நசுங்கும். சுங்கை காடுட் தொழிற்பேட்டை புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தொலைவில்லை, அங்கே பட்டறையில் கொடுத்துவிடலாம். அலுமினியமே போதும் என்பவர்கள் உலர்மணலைக் குழாய்க்குள் இறுக அடைத்து, இரு முனையும் அடைத்துவிட்டு வளைத்தால் நசுங்கல் குறையும். அலுமினியக் குழாயில் எஃகு ஆணி போட்டால் இடையில் நைலான் வளையம் வையுங்கள். இரு உலோகமும் கடலோர உப்பு ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் கரைவது அலுமினியம்தான்.

துணிக்கு நைலானைவிட பாலியெஸ்டர் மேல். நைலான் ஈரம் குடித்து நீளும், வெயிலுக்கும் சீக்கிரம் தளரும். இரண்டு கால்களுக்கும் நடுவே இருக்கைவார் போன்ற பாலியெஸ்டர்ப் பட்டைகளை மூன்று வரிசை கட்டி, மேலே துணி உறை மாட்டினால் போதும். பட்டைகள் டன் கணக்கில் தாங்கும். அறுவது எப்போதும் தையல்தான். ஒரு கட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி என்று தைத்தால் இழுவை எல்லா இழைகளுக்கும் பரவும். நூலும் பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் நம் புழுக்கத்தில் மக்கிவிடும். வீட்டுத் தையல் இயந்திரம் திணறினால் தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் தையற்கடைகள் இருக்கின்றன. பைக்கு அல்ல, ஆள் சாய்வதற்கு என்று சொல்லிவிடுங்கள்.

மெத்தை மென்மையாக இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் உட்கார்ந்த மனிதனின் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 முறை அதிரும் அதிர்வில் எளிதாக ஒத்ததிரும். தொளதொளத்த பஞ்சு அந்த அதிர்வை அடக்குவதற்குப் பதில் கூட்டிவிடக்கூடும். நீர் உறிஞ்சாத, கெட்டியான நுரைப் பாய் இரண்டு விரற்கடை இருந்தாலே போதும். பழைய யோகா பாயை இரண்டாக மடித்தாலும் ஆயிற்று. சாய்கோணம் இருக்கையிலிருந்து 110 பாகை அளவில் இருக்கட்டும். பட்டம் தலைக்கு மேலே நிற்பதால், சற்றே பின்சாய்ந்தால் கழுத்துக்கும் நிம்மதி.

எங்கே ஓட்டுவது? புக்கிட் பாஞ்சாங்கில் முடியாது. இரயில் பாதையாக இருந்து நடைபாதையாகிவிட்ட பசுமைத் தடத்தில் நடக்கலாம், சைக்கிள் விடலாம், பட்டவண்டிக்கு அது இடமல்ல. சிங்கப்பூரில் கடல்மட்டத்துக்கு 60 மீட்டருக்கு மேலோ, விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ பட்டம் விட அனுமதி வேண்டும். பக்கத்தில் தெங்கா விமானப்படைத் தளம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இறுகிய மணலும் நிலையான காற்றும் திறந்த வெளியும் தேடி ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். அமெரிக்காவின் இவான்பா வறண்ட ஏரியில் பட்டவண்டிகள் மணிக்கு 130 கிலோமீட்டரைக் கடந்திருக்கின்றன. அங்கே நமக்கு வேலையில்லை.

ஆனால் சோதனையை வீட்டிலேயே செய்யலாம், செய்தே ஆக வேண்டும். கவ்விகளை இறுக்கிய பிறகு, வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி, சாய்வு தரைக்கு இணையாகப் படுக்கும்படி சட்டத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். சாய்வுக்கு அடியில் முட்டு இருக்கக் கூடாது. அதன் பட்டைகளின் மேல் பத்துக் கிலோ அரிசிப் பை நான்கை அடுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். இறக்கியதும் குழாய் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு மில்லிமீட்டர் திரும்பாவிட்டாலும் அதைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை நிரந்தரமாக வளைந்த குழாயை நம்பக் கூடாது, புதிதாக வாங்குங்கள்.