கடல் கடந்தும் கட்டணமின்றிச் செய்தி

உறவினரைக் காணவும் திருத்தலங்களில் வழிபடவும் தமிழகத்திற்கும், சுற்றிப் பார்க்கவும் பொருள் வாங்கவும் எல்லைக்கு அப்பால் உள்ள ஹாட்யாய் நகருக்கும் கெடா மாநிலத் தோட்டப்புற மக்கள் சென்று வருகின்றனர். அவ்வாறு செல்வோரிடம் கைப்பேசி இல்லாதிருப்பது இன்று அரிது. அக்கைப்பேசியிலிருந்து வீட்டாருக்கு நாள்தோறும் எத்தனை செய்திகள் அனுப்பினாலும், செய்திக்கென்று ஒரு சென்னும் கொடுக்க வேண்டாத வழி இருக்கிறது. ஆயினும், அதே கைப்பேசியைக் கவனமின்றித் திறந்து வைத்திருந்தமையால், பல நாள் பால்வெட்டிச் சேர்த்த பணத்தைக் கட்டணமாகச் செலுத்த நேரிடுவதும் உண்டு. செய்தி இலவசம், அது செல்லும் பாதை எப்போதும் இலவசமன்று. இவ்வேறுபாட்டைப் பயணம் புறப்படுமுன் அறிந்துகொள்வது நலம்.

முன்னாளில் பினாங்குத் துறையில் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்திற்கோ சென்னைக்கோ சென்றவர், கரை சேர்ந்த செய்தியைக் கடிதம் வழியாகத்தான் தெரிவிக்க முடிந்தது. பின்னர் அதே வழியில் ஓடிய எம். வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளாகும் வரை நிலைமை பெரிதும் மாறவில்லை. நீல நிற விமானக் கடிதம் ஒன்று லயத்து வாசலுக்கு வந்து சேர நாள்கள் பல பிடிக்கும். அவசரமென்றால் தந்தி. தந்திக்குச் சொற்களை எண்ணிக் கட்டணம் என்பதால், ஒரு வாழ்வின் துயரத்தையும் நாலைந்து சொற்களில் அடக்க வேண்டியிருந்தது. தந்தி வந்தது என்றாலே, அதைப் பிரிக்குமுன் அழுகை தொடங்கிவிடும் என்பதை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

தந்திக்குப் பின் குறுஞ்செய்தி வந்தது. உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. இதிலும் எண்ணிக்கை நம்மை விடவில்லை. ஆங்கில எழுத்தாயின் ஒரு குறுஞ்செய்தியில் 160 குறிகள் அடங்கும். தமிழ் எழுத்தாயின் 70 குறிகள்தாம். அதிலும் நாம் ஓரெழுத்தாகக் கருதுவதைக் கைப்பேசி இரு குறிகளாக எண்ணுகிறது. ‘அம்மா’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கைப்பேசிக்கோ ஐந்து குறிகள், ஏனெனில் புள்ளியும் காலும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஆதலால் தமிழில் சற்று விரிவாக எழுதினால், ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் விழும். வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் அக்கட்டணம் இன்னும் கூடும்.

இணையவழிச் செய்தியில் இந்த எண்ணிக்கைக் கவலை இல்லை. 2009இல் தோன்றிய வாட்ஸ்அப், நம் நாட்டுத் தமிழர் புலனம் என வழங்குவது, இவ்வகையில் பெரிதும் பரவியுள்ளது. தொடக்கத்தில் சிறு ஆண்டுக் கட்டணம் பெற்று வந்த அந்நிறுவனம், 2016 முதல் அதையும் நீக்கிவிட்டது. டெலிகிராம், சிக்னல் முதலியனவும் இதே முறையில் இயங்குவனவே. எதைப் பயன்படுத்தினாலும், அனுப்புவோர் பெறுவோர் ஆகிய இரு தரப்பிலும் அதே செயலியும் இணையத் தொடர்பும் இருத்தல் வேண்டும். பொத்தான் கைப்பேசி மட்டும் வைத்துள்ள பாட்டிக்கு இது போய்ச் சேராது. அவருக்குப் பேரப்பிள்ளைகளின் கைப்பேசியே தபாற்பெட்டி.

செய்தி எவ்வாறு செல்கிறது

நாம் எழுதும் சொற்கள் பூட்டப்பட்ட குறிகளாக மாற்றப்பட்டு, இணையத்தின் வழியே செயலி நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன. அங்கிருந்து பெறுவோரின் கைப்பேசிக்கு அனுப்பப்படுகின்றன. அனுப்பியவர் சென்னையில் இருந்தாலும் பீடோங்கில் இருந்தாலும் இம்முறையில் வேறுபாடு இல்லை. தொலைவுக்கென்று தனிக் கட்டணம் இல்லாததன் காரணமும் இதுவே. பெறுவோரின் கைப்பேசி அணைந்திருந்தால், புலனத்தில் அச்செய்தி 30 நாள்கள் வரை காத்திருக்கும்.

செய்தியின் ஓரத்தில் தோன்றும் குறிகளையும் அறிந்திருப்பது நன்று. ஒரு குறி தோன்றினால் செய்தி நம்மை விட்டுப் புறப்பட்டுவிட்டது. இரண்டு தோன்றினால் அவர் கைப்பேசியை அடைந்துவிட்டது. இரண்டும் நீலமானால் அவர் பார்த்துவிட்டார். நீல நிறம் வராதபடி அமைத்துக்கொள்வோரும் உண்டு. பாலிங், சீக் பக்கத்து மலையடிவாரத் தோட்டங்களில் அலை எட்டாத இடங்கள் இருக்கக்கூடும். பால்வெட்டச் சென்றிருக்கும் அண்ணனுக்கு அனுப்பிய செய்தி ஒரு குறியோடு நின்றால், அவர் மரக்காட்டில் இருக்கிறார் என்று கொள்க. தந்திக் காலத்து அச்சம் இதற்கு வேண்டியதில்லை.

பாதைக்குரிய கட்டணம்

வெளிநாட்டில் இணையத்தை அடைய மூன்று வழிகள் உள்ளன. தங்குமிடத்திலோ உணவகத்திலோ கிடைக்கும் வைஃபை ஒன்று. சென்ற நாட்டின் சிம் அட்டை மற்றொன்று. நம் மலேசிய சிம் அட்டையையே அங்கும் பயன்படுத்துதல் மூன்றாவது. இதுவே ரோமிங் எனப்படும். பணத்தை விழுங்கக்கூடியது இம்மூன்றாவதுதான். நாம் ஒன்றும் செய்யாமல் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலும், அதனுள் இருக்கும் செயலிகள் தாமாகவே இணையத்தை நாடும். குடும்பக் குழுவில் விடியுமுன் வந்து குவியும் ‘காலை வணக்கம்’ படங்களும் காணொளிகளும் தாமாகவே இறங்கும். பூக்கொத்துப் படத்திற்கு வெளிநாட்டுக் கட்டணம் கொடுப்பது நமக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை.

ஆகவே புறப்படுமுன் கைப்பேசியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, ‘டேட்டா ரோமிங்’ என்பதை மூடிவிடுதல் வேண்டும். ரோமிங் தேவைப்படுவோர், தம் தொலைபேசி நிறுவனம் வழங்கும் நாள் திட்டத்தின் விலையையும், அது எந்நாட்டிற்குரியது என்பதையும் முன்னரே கேட்டறிந்து வாங்க வேண்டும். மற்றொன்றும் உண்டு: ரோமிங்கில் இருக்கும்போது, நமக்கு வரும் சாதாரண அழைப்பை எடுத்துப் பேசினாலும் நம் கணக்கிலேயே கட்டணம் விழலாம். உள்ளூரில் அழைப்பைப் பெறுவதற்குக் கட்டணம் இல்லாத பழக்கத்தால் பலர் இதை எண்ணுவதில்லை.

எல்லைப் பகுதியில் தனிக் கவனம் வேண்டும். கைப்பேசி நாட்டின் எல்லைக் கோட்டை அறியாது. வலுவான அலை எதுவோ அதைப் பற்றிக்கொள்ளும். சங்லூனைக் கடந்து புக்கிட் காயு ஹீத்தாம் குடிநுழைவுச் சாவடியை நெருங்கும்போது, நாம் இன்னும் மலேசிய மண்ணில் இருக்கையிலேயே, தாய்லாந்து நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றக்கூடும். ஹாட்யாய் செல்வோர் ஜித்ராவிலேயே ரோமிங்கை மூடிவிடுவது நல்லது. எல்லைக்கு அப்பால் டானோக் கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் அட்டைகள் விற்கப்படுகின்றன. வாங்குவதற்குக் கடப்பிதழைக் காட்ட வேண்டும்.

தமிழகம் செல்வோருக்கு, பயணம் சில நாள்களே ஆயின், வைஃபை ஒன்றே போதும். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, அதன் பின்னர் வைஃபையை மட்டும் திறந்தால், சிம் அட்டை உறங்கிக்கொண்டிருக்க, புலனம் விழித்திருக்கும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பொது இடங்களின் வைஃபை பலவற்றில் நுழைய, கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் வரும் கடவுக் குறி கேட்கப்படும். ஆதலால் விமான நிலையத்தில் இறங்கியவுடன் செய்தி அனுப்பிவிடலாம் என்று உறுதி கூறிச் செல்லாமல், “தங்குமிடம் சேர்ந்தபின் தெரிவிக்கிறேன்” என்று சொல்லிச் செல்வது வீட்டாரின் கவலையைக் குறைக்கும். பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறவாதிருப்பதும் நல்லது.

பல வாரம் தங்குவோர் இந்திய சிம் அட்டை வாங்கலாம். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் வந்தபின் இந்தியாவில் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. வெளிநாட்டவர் அட்டை வாங்குகையில் கடப்பிதழ், விசா ஆகியவற்றின் நகல்களும் புகைப்படமும் கேட்கப்படும். அட்டை இயங்கத் தொடங்குவதற்குச் சிறிது நேரம் பிடிக்கலாம்.

எண் ஒன்று, அட்டை மற்றொன்று

இங்கேதான் பலருக்குக் குழப்பம் ஏற்படுகிறது. இந்திய அட்டையைப் பொருத்தினால் புலன எண்ணும் மாறிவிடும் என்று எண்ணுகின்றனர். அவ்வாறன்று. புலனக் கணக்கு நம் மலேசிய எண்ணில் பதியப்பட்டது. உள்ளிருக்கும் அட்டை எந்நாட்டுடையதாயினும் கணக்கு அப்பழைய எண்ணிலேயே இயங்கும். எண்ணை மாற்ற வேண்டுமா என்று செயலி வினவினால், வேண்டாம் என்று விடையளித்தால் போதும். வீட்டாரும் தோட்டத்து நண்பர்களும் பழைய பெயரின் கீழேயே நம் செய்தியைக் காண்பார்கள். பெயர்ப் பட்டியலில் எண்களை நாட்டுக் குறியோடு எழுதி வைப்பது மட்டும் தேவை: மலேசியாவிற்கு 60, இந்தியாவிற்கு 91, தாய்லாந்திற்கு 66. முன்னே கூட்டல் குறியிட்டு, மலேசிய எண்ணின் முதல் சுழியத்தை நீக்கி, 60 என்பதன் பின் எஞ்சியதை எழுத வேண்டும்.

கழற்றிய மலேசிய அட்டையைத் தொலைத்துவிடலாகாது. கைப்பேசி பழுதாகி வேறொன்றில் கணக்கைத் திறக்க நேர்ந்தால், ஆறு இலக்க உறுதிக் குறி அந்த எண்ணுக்குத்தான் வரும். முன்பணம் செலுத்தும் அட்டை வைத்திருப்போர், திரும்பி வரும் நாள் வரை அது காலாவதியாகாதபடி பணம் நிரப்பிச் செல்ல வேண்டும். காலாவதியான எண் பின்னாளில் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும்.

அவ்வாறு இலக்கக் குறியைப் பற்றிப் பேசுகையில் மோசடியையும் சொல்லாதிருக்க இயலாது. “தவறுதலாக உங்களுக்கு ஒரு குறி வந்துவிட்டது, அதை அனுப்புங்கள்” என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அனுப்பியவுடன் நம் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். பின்னர் நம் பெயரில், “சென்னையில் பணப்பை தொலைந்துவிட்டது, உடனே ஆயிரம் வெள்ளி அனுப்பு” என்று லூனாஸில் உள்ள மாமாவுக்கும் கூலிமில் உள்ள தங்கைக்கும் செய்தி போகும். நாம் உண்மையிலேயே வெளிநாட்டில் இருப்பதால் அவர்களும் நம்பிவிடுவார்கள். எனவே அக்குறியை எவருக்கும் கொடுக்கலாகாது; செயலியில் உள்ள இரட்டைச் சரிபார்ப்பையும் புறப்படுமுன் அமைத்துக்கொள்ள வேண்டும். பணம் கேட்டுச் செய்தி வந்தால், நேரே அழைத்துக் குரலைக் கேட்டு, குடும்பத்தார் மட்டுமே அறிந்த ஒன்றை வினவிய பின்னரே கொடுப்பது பற்றி எண்ண வேண்டும். பணம் போய்விட்டதாயின், காலம் தாழ்த்தாமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்னும் எண்ணிலும், தம் வங்கியையும் அழைக்க வேண்டும்.

தட்டெழுதப் பழகாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசினால், குரலே செய்தியாகச் செல்லும். எழுத்தறியாத முதியோரும் இதனைக் கற்றுக்கொள்ளலாம். எழுத்துச் செய்திக்கு மிகக் குறைந்த இணையமே தேவை. குரலுக்குச் சற்றுக் கூடுதல். முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்கு மிக அதிகம். அதனை வைஃபை உள்ள இடத்திற்கென வைத்துக்கொள்ளலாம்.

எல்லா நாடுகளிலும் இதே நிலை இல்லை. சீனாவில் புலனம் தடுக்கப்பட்டுள்ளது. அவசர உதவி எண்ணையும் இச்செயலிகளால் அழைக்க இயலாது. இந்தியாவில் 112 என்னும் எண்ணைச் சாதாரணத் தொலைபேசி அழைப்பாகவே அழைக்க வேண்டும்.

நேர வேறுபாட்டையும் கருத வேண்டும். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பிந்தியது. சென்னையில் இரவு 9 மணிக்கு உணவு முடித்து வீட்டை அழைத்தால், பாடாங் செராயில் இரவு 11.30. விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டியவரை அந்நேரத்தில் அழைப்பதைவிட, ஒரு செய்தி எழுதி வைப்பது மேல். அவர் எழுந்து தேநீர் அருந்தும்போது படித்துக்கொள்வார்.

திரும்பி வருகையில், மலேசியா வந்து சேர்ந்தபின் நம் அட்டையை மீண்டும் பொருத்தி, விமான நிலையை நீக்கிவிடலாம். டேட்டா ரோமிங்கை மட்டும் திறக்க வேண்டியதில்லை. அது மூடியிருப்பினும் உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு யாதொரு தடையும் இராது.