காரின் கூலன்ட் தொட்டியை வீட்டிலேயே மாற்றலாம்

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், திருவெள்ளறையை நெருங்கியபோது எங்கள் பழைய மாருதி 800 காரின் வெப்பமானி முள் மேலேறிவிட்டது. மே மாதத்து நண்பகல். வண்டி நிறையப் பெண்டு பிள்ளைகள். நிழலில் ஒதுக்கி முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், வெண்ணிறக் கூலன்ட் தொட்டியின் அடியில் மயிரிழை போல் ஒரு கீறல். தொட்டி வறண்டிருந்தது.

உடன் வந்த இளைஞர் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். தடுத்துவிட்டேன். வாசகர்களே, இவ்விடத்தில் அவசரம் கூடவே கூடாது! உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி தளர்ந்த நொடியில் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட, நாற்புறமும் படிகள் கொண்ட ஸ்வஸ்திகக் கிணறு இவ்வூரில் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பொழுது போயிற்று. (எங்கள் காருக்கு நீர் கிடைத்தது தேநீர்க் கடையில்தான்.)

சூட்டில் விரியும் நீரை வாங்கிக்கொண்டு, ஆறியதும் ரேடியேட்டருக்குத் திருப்பித் தருவதே இத்தொட்டியின் வேலை. கீறல் விழுந்தால் ரேடியேட்டர் நீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். பசையிட்டு ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆண்டுக்கணக்கில் வெந்து நொறுங்கும் பிளாஸ்டிக் அடுத்த இடத்தில் விரியும்.

மறுநாள் காலை, எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கையில் வேலையைத் தொடங்கினேன். முதலில் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றினேன். பல கார்களில் விசிறி தானே சுழலக்கூடும். ரப்பர் குழாயை இழுக்காமல், மெல்லத் திருகித் தளர்த்த வேண்டும். இறுகி வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். புதிய தொட்டியை அலசிப் பொருத்தி, குழாய் மடங்காமல் இணைத்தேன். வழியில் ஊற்றிய நீரை வடித்துவிட்டு, கூலன்டும் வாலை வடிநீரும் சரிபாதியாகக் கலந்து ரேடியேட்டரை நிரப்பி, தொட்டியில் இரு கோடுகளுக்கு இடையே நிறுத்தினேன். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பு உள்ளே படியும். எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்த்து, ஆறிய பின் மீண்டும் அளவு பார்த்தேன்.

பிற்காலக் கார்கள் பலவற்றில் தொட்டியே அழுத்தம் தாங்குவது. குழாய்களில் தங்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

வடித்த பழைய திரவத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றப் போனேன். இல்லத்தரசி கடிந்துகொண்டார். பச்சை நிறம், இனிப்புச் சுவை. எத்திலீன் கிளைகாலோ கொடிய நஞ்சு. குழந்தையும் பூனையும் அறியாமல் குடித்துவிடும். பழைய ஆயில் டப்பாவில் ஊற்றி, "விஷம்" என எழுதிப் பணிமனையில் ஒப்படைத்தேன்.