வேலையற்றுக் கிடந்த பிளாட்டினம்

ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சுடரின்றிச் சேரவைத்து மின்சாரம் பெறும் கருவி எரிபொருள் மின்கலம் எனப்படுகிறது. மெல்லிய சவ்வொன்றின் ஒருபுறம் எலக்ட்ரானை இழந்து புரோட்டானாகும் ஹைட்ரஜன் அச்சவ்வைக் கடந்து செல்ல, வெளிக்கம்பி வழியே சுற்றிவரும் எலக்ட்ரானும் அதுவும் மறுபுறத்தில் ஆக்ஸிஜனோடு கூடி நீராகின்றன. வினையை விரைவுபடுத்தித் தான் செலவாகாத பொருளான வினையூக்கி இல்லாமல், 100 பாகை செல்சியஸுக்கும் குறைந்த வெப்பத்தில் இது பயன்படும் வேகத்தில் நடவாது. சவ்வின் அமிலத்தன்மையைத் தாங்கி இப்பணியைச் செய்வதில் பிளாட்டினத்துக்கு நிகரான உலோகம் இல்லை என்பதால், கலத்தின் விலையும் அதன் விலையோடு பிணைந்திருந்தது.

இப்பிணைப்பைத் தளர்த்தியவர்களுள் முதன்மையானவர், இலங்கையில் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற சுப்பிரமணியம் சீனிவாசன். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் அவரும் பிரேசில் நாட்டு எட்சன் டிசியானெல்லி உள்ளிட்டோரும் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு, சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராமாக இருந்த பிளாட்டினத்தை 0.4 மில்லிகிராமாகக் குறைத்தும் கலம் ஏறக்குறைய அதே திறனுடன் இயங்கும் என்று காட்டியது.

அவர்கள் மாற்று உலோகம் எதையும் தேடவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. வாயு, எலக்ட்ரான், புரோட்டான் ஆகிய மூன்றும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தால்தான் வினை நிகழும். மின்முனையின் நுண்துளைகளுக்குள் ஆழ்ந்து கிடந்த பிளாட்டினத்துக்கு வாயுவும் எலக்ட்ரானும் எட்டின, புரோட்டானோ கடைமடை வயலுக்குத் தண்ணீர் போல எட்டவேயில்லை. எனவே, சில நானோமீட்டர் அளவேயுள்ள பிளாட்டினத் துகள்களைக் கரித்தூளின்மேல் பரப்பிய மின்முனையை எடுத்துக்கொண்டு, சவ்வு எப்பொருளால் ஆனதோ அதே நாஃபியான் பலபடியின் கரைசலை அதனுள் ஊறச் செய்தனர். அவ்வாய்வகத்தின் இயன் ரைஸ்ட்ரிக் முன்னரே வகுத்திருந்த இவ்வழியால், சும்மா கிடந்த துகள்களும் வினைக்குள் வந்தன. வினையூக்கியையும் நாஃபியானையும் மையாகக் கலந்து மெல்லிய படலமாகப் பூசும் முறை 1992இல் அங்கேயே வந்தபின், அளவு 0.2 மில்லிகிராமுக்கும் கீழிறங்கியது.

இரும்பும் நைட்ரஜனும் கலந்த கரி வினையூக்கிகள் பிளாட்டினத்தை அறவே நீக்க முயல்கின்றன. அமிலச் சூழலில் அவை விரைவில் நலிவது இன்னும் தீராக் குறை. பிளாட்டினத்தைக் குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஹைட்ரஜனில் மாசாகக் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின் பரப்பில் இறுக ஒட்டி வினைக்கான இடத்தை அடைத்துவிடுவதால், உலோகம் குறையக்குறைய ஹைட்ரஜனின் தூய்மை கூடவேண்டியுள்ளது. இவ்வகைக் கல வாகனங்களுக்கான பன்னாட்டுத் தரம், 10 லட்சம் பங்கு ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடுக்கு 0.2 பங்கு மட்டுமே இடம் தருகிறது.