பித்தளையை இறுக்கும் வளையம்

கைத்துப்பாக்கி சுட்டதும் தெறித்து விழும் பித்தளைக் கூடு, உள்ளே போன அளவில் வெளியே வருவதில்லை. வெடிமருந்து எரிந்து வாயுவாகும் கணத்தில் அதன் மெல்லிய சுவர் உப்பி, துப்பாக்கியின் அறைச்சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் காப்பதே இந்த உப்பல்தான். அழுத்தம் அடங்கியதும் பித்தளை சற்றே சுருங்கி விடுபடுகிறது. ஆனால் பழைய விட்டம் முழுதாகத் திரும்புவதில்லை.

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இருக்கும் பலர் இந்தக் கூடுகளைச் சேகரித்து, வீட்டிலேயே மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.) அதில் முக்கியமான கட்டம், உப்பிய கூட்டைச் 'சைசிங் டை' என்ற அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு இறுக்குவது. கைப்பிரஸ்ஸில் திருகி மாட்டும் உருளை அது. அதன் உள்சுவருக்கும் பித்தளைக்கும் நடக்கும் உரசலில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய டைகள் கெட்டியாக்கிய எஃகால் ஆனவை. எண்ணெய் தடவாத கூட்டை உள்ளே தள்ளினால் பித்தளை எஃகைப் பற்றிக்கொள்ளும். கூடு சிக்கி, அடிவிளிம்பே பிய்ந்து வந்துவிடும். ஒவ்வொரு கூட்டுக்கும் எண்ணெய் தடவி, பிறகு ஒவ்வொன்றையும் துடைக்க வேண்டும். எண்ணெய் மிஞ்சினால், தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரும் வெடிமருந்தும் கெடும்.

இந்தத் தொல்லைக்கு விடை மின்விளக்குத் தொழிலிலிருந்து வந்தது. பல்புக்கான டங்ஸ்டன் இழையை நுண்துளை வழியே இழுத்து மெலிதாக்க வைர டைகளே பயன்பட்டன. அவற்றின் விலை தாங்கவில்லை. ஜெர்மனியின் ஒஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் சுட்டெடுத்த கடினப் பொருளுக்கு 1923இல் காப்புரிமை கோரினார். குருப் நிறுவனம் அதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. நம் லேத் பட்டறைகளில் வழங்கும் விடியா டூல் அந்த வழியில் வந்ததே. அதே பொருளாலான வளையத்தை எஃகு டையின் வாயில் பதித்தால், பித்தளை ஒட்டாமல் வழுக்கிப்போகிறது. எண்ணெய் வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாருக்கும் கார்பைடே போதுமா? கூட்டின் வடிவம்தான் அதை முடிவு செய்கிறது. .38 ஸ்பெஷல் கூடு நேரான குழாய், வளையத்துக்கு ஏற்றது. 9 மி.மீ. பாராபெல்லம் அப்படியல்ல. அடியில் ஏறத்தாழ 9.93 மி.மீ., வாயில் 9.65 மி.மீ. எனச் சரிந்து ஒடுங்குவது. குறுகலான வளையம் ஒரே விட்டத்தைத்தான் தரும் என்பதால், கூட்டின் நடு உடலையும் தேவைக்கு மேல் நெரித்துவிடும். நெரிபட நெரிபடப் பித்தளை இறுகி, ஒருநாள் வாயோரம் கீறல் விடும். ஆகவே 9 மி.மீ.க்குச் சரிவான உட்சுவர் கொண்ட டை கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது. .357 சிக் போலக் கழுத்து ஒடுங்கிய கூடுகளுக்கு எண்ணெய் தடவியே தீர வேண்டும்; எஃகு டையே பொதுவான வழி.

டையின் வாய் வளைவையும் பார்த்து வாங்க வேண்டும். அகன்ற வளைவு வேகமாக இயங்கும் பிரஸ்ஸில் கூட்டைத் தடங்கலின்றி உள்ளே வழிநடத்தும். ஆனால் அடிப்பகுதியில் சிறு பட்டையை இறுக்காமல் விட்டுவிடும். உப்பல் அடியிலேயே மிகுதியான கூடுகளுக்கு ஒடுக்கமான வளைவே சரி.

பராமரிப்பில் பெரிய எதிரி மணல். குவார்ட்ஸ் துகள், கெட்டியாக்கிய எஃகைவிடக் கடினமானது. தரையில் விழுந்த கூட்டோடு ஒரு துகள் உள்ளே போனாலும் எஃகு டையில் கோடு விழும்; அந்தக் கோடு பிறகு வரும் ஒவ்வொரு கூட்டிலும் பதியும். அதனால்தான் கூடுகளை முதலில் வால்நட் ஓட்டுத்தூளிலோ மக்காச்சோளத் தக்கைத்தூளிலோ உருட்டிச் சுத்தம் செய்கிறார்கள். அந்தத் தூசியில் பிரைமரின் ஈயம் கலந்திருக்கும். முகமூடியும், முடித்தபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும் கட்டாயம்.

கார்பைடு மணலுக்கு அஞ்சாது. ஆனால் நொறுங்கும் இயல்புடையது. கூட்டைப் பிடிக்கும் தாங்கி வளையத்தில் மோதினால் விரிசல் விழும். தாள் ஒன்றின் தடிமனுக்காவது இடைவெளி விட்டே டையைப் பொருத்த வேண்டும். உள்சுவரில் பித்தளை படிந்தால் மென்மையான மெருகுப்பசையைத் துணியில் தடவித் தேய்த்தால் போகும், உப்புத்தாள் கூடாது. வளையம் துருப்பிடிக்காவிட்டாலும் வெளி உடல் எஃகுதான். மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

இறுக்கிய பித்தளைக்குள் அழுத்தம் தங்கிவிடுகிறது என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே விரிசல் விட்டிருந்தன. காரணம் 1921இல்தான் தெளிவானது: குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூட்டைக் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கியபோது உள்ளே தங்கிய அழுத்தமும் சேர்ந்து உலோகத்தைப் பிளந்திருந்தன. டையில் இறுகிய கூட்டிலும் அதே அழுத்தம் உண்டு. பித்தளைக்கு மெருகேற்றும் சில திரவங்களில் அம்மோனியா கலந்திருக்கிறது. பார்க்கப் பளபளப்புத் தந்தாலும், மறுபடி நிரப்பப் போகும் கூட்டுக்கு அவை ஆகாது.