தொலைபேசியிலும் துணை உண்டு

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டதும், நேரில் அமர்ந்து பேசும் உளவளத்துணை தொலைபேசிக்கு மாறவேண்டியதாயிற்று. 1990இலும் 2007இலும் காணி பூமியை விட்டு வந்த எமக்கு, 'வெளியே வராதே' என்ற கட்டளை பழைய துயரத்தையும் கிளறக்கூடியதே. ஆனால் எல்லோரும் இருக்கும் ஒரே அறையில் மனந்திறந்து பேசுவது எப்படி?

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். கிணற்றடியோ வேலியோரமோ, ஒதுக்கமான இடத்தைத் தெரிவுசெய்வோம். யாரும் வந்தால் சொல்வதற்கு ஒரு வார்த்தையைப் பேசிவைப்போம்; "நெல்லுக்கு என்ன விலை?" என்றதும் உளவளத்துணையாளர் பேச்சை மாற்றுவார். இணைப்பு அறுந்தால் யார் திரும்ப எடுப்பது என்பதையும் தீர்மானிப்போம்.

ஊரடங்கு நீங்கிய பின்னும், தூரத்துக் கிராமங்களில் வாழும் எமக்கு இவ்வழி உதவும். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். சுமையைத் தனியே சுமக்கவேண்டாம்.